சத்தத்தை உயர்த்தும் முன்



இந்த வாரத் தியானம் வழக்கத்திலிருந்து சற்று விலகியதாகத் தோன்றலாம். ஒரு வானொலிக் கருவியில் தொடங்கி, நம் சபையில் சிலர் அறிந்திருக்கும் ஒரு மனத்தாங்கலில் இது முடியும். அந்த மனத்தாங்கலின் ஒரு பக்கத்தில் நின்றவன் நான். மறுபக்கத்தில் நின்றவரிடம் அனுமதி கேட்டு, எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டிய பிறகே இதை உங்கள் முன் வைக்கிறேன்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் நம் குமரி மாவட்டத்தில் வீசியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ரப்பர் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. கைப்பேசிகள் ஊமையாயின. கடலுக்குச் சென்றவர்களைப் பற்றி ஒரு சொல்லாவது வராதா என்று கரையோரக் குடும்பங்கள் காத்திருந்த அந்த நாட்களில், ஒரு சிறு செய்தியை அடுத்த ஊருக்குக் கொண்டுசெல்ல வழியின்றி நான் நின்றேன். அப்போதுதான் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியரான நம் சபை மூப்பர் ஒருவர் என்னிடம் ஹாம் வானொலியைப் பற்றிச் சொன்னார். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, வானொலிப் பயணமாகப் போர்ட் பிளேரில் தங்கியிருந்த பாரதி பிரசாத் அம்மையாரும் அவருடைய குழுவினரும் தங்கள் கருவிகளைக் கொண்டே வெளியுலகுக்குச் செய்தி அனுப்பியதை அவர் விவரித்தார். என் மனம் அதைப் பற்றிக்கொண்டது. இருவரும் சேர்ந்து படித்தோம், தேர்வு எழுதினோம், அரசின் உரிமமும் அழைப்புக்குறியும் பெற்றோம். அமெச்சூர் அலைவரிசையில் வணிகம் செய்யக்கூடாது, ஒலிபரப்பும் செய்யக்கூடாது. ஆகவே நான் அதில் பிரசங்கம் செய்வதில்லை; அதற்குப் பீடம் இருக்கிறது. பேரிடர் நாளில் ஒருவருக்கொருவர் செய்தி சொல்லிக்கொள்வதே எங்கள் நோக்கம்.

குரலில் பேசுவது எளிது. ஆனால் மழை இரைச்சலின் நடுவே பன்னிரண்டு பேருடைய பெயர்களையும் அவர்களுக்கு வேண்டிய மருந்துகளையும் குரலில் வாசித்துப் பாருங்கள். ஒரு மருந்தின் பெயர் இன்னொன்றாகக் கேட்கும். ஐம்பது என்பது ஐந்து என்று எழுதப்படும். எழுத்தாகவே அனுப்ப முடிந்தால் இந்தத் தடுமாற்றம் இராது. அதற்கென்று உள்ளதே பாக்கெட் வானொலி. கணினியில் தட்டிய எழுத்துகளை மோடம் மென்பொருள் சிறு கட்டுகளாகப் பிரித்து ஒலியாக மாற்றும். அந்த ஒலியை வானொலிக் கருவி சுமந்து செல்லும். மறுமுனையில் உள்ள கணினி அந்த ஒலியைத் திரும்பவும் எழுத்தாக்கும். முன்பு இதற்கென்று தனிப் பெட்டி வாங்க வேண்டியிருந்தது. இன்று கணினியின் சவுண்ட் கார்டும் ஒரு மென்பொருளும் போதும். நான் என் மடிக்கணினியில் சவுண்ட்மோடம் என்ற மென்பொருளை நிறுவினேன். ஆசிரியர் ஒரு ராஸ்பெர்ரி பை சிறு கணினியில் டயர்வுல்ஃப் என்ற மென்பொருளை நிறுவினார். ஓய்வுக்குப் பிறகு அவர் மகள் வீட்டருகே, இங்கிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தள்ளிக் குடியிருக்கிறார். எங்கள் இரு வீடுகளுக்கும் இடையில் ஒரு எழுத்துப் பாலம் அமைப்பது என்று தீர்மானித்தோம்.

அந்தப் பாலம் அமைவதற்குள் எங்களுக்குள் வேறொன்று இடிந்துபோனது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளில் பெருமழை பெய்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவான மழை அது. நம் சபையார் தாராளமாகக் கொடுத்தீர்கள். அரிசியும் போர்வைகளும் வாங்கி, வண்டி பிடித்து நாமே கொண்டுபோய்க் கொடுத்தோம். அதற்குப் பின் கூடிய சபைக் கமிட்டியில் ஆசிரியர் எழுந்து, “பாஸ்டர், கணக்கை எழுதி வெளியே ஒட்டிவிடலாமே?” என்றார். என் முகம் சூடானது. “கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, சார்” என்றேன். “சரியாக இருக்கும் என்று எனக்கும் தெரியும்” என்றார் அவர். அந்தச் சொல்லையும் நான் கிண்டலாகவே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு அறிவிப்பு நேரத்தில், கணக்கு சரியாக இருக்கிறது என்று இன்னும் உரக்கச் சொன்னேன். அதற்கடுத்த வாரப் பிரசங்கத்தில், ஊழியரைச் சந்தேகிப்பவர்களைப் பற்றிப் பெயர் சொல்லாமல் பேசினேன். யாரைச் சொல்கிறேன் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும், அவருக்கும் தெரிந்தது. அவர் கமிட்டியிலிருந்து விலகினார். ஆராதனைக்கு வருவதை மட்டும் நிறுத்தவில்லை. ஆசீர்வாதம் முடிந்ததும் கைகுலுக்க நிற்காமல் பேருந்து நிறுத்தத்துக்குச் சென்றுவிடுவார்.

மழைக்காலம் மீண்டும் நெருங்கியது. புயல் எங்கள் மனத்தாங்கலுக்காகக் காத்திருக்காது என்பது இருவருக்கும் தெரியும். எனவே வானொலியில் பேசிக்கொண்டோம். கருவிகளைப் பற்றி மட்டும் பேசினோம்.

குரல் தெளிவாகக் கேட்டது. பாக்கெட் மட்டும் போகவில்லை. நான் அனுப்புவேன், அவருடைய கருவியில் இரைச்சல் கேட்கும், திரையில் ஒன்றும் வராது. அவர் அனுப்புவார், என் திரையும் வெறுமையாகவே இருக்கும். பாக்கெட் வானொலியின் இயல்பு அப்படிப்பட்டது. குரலில் பாதி கேட்டால் மீதியை ஊகித்துக்கொள்ளலாம். பாக்கெட்டில் அது நடவாது. ஒவ்வொரு கட்டின் இறுதியிலும் அனுப்புகிறவரின் கணினியே ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டுச் சேர்த்துவிடும். பெறுகிற கணினி அதே கணக்கைத் தானும் செய்து பார்க்கும். ஒரு பிட் மாறியிருந்தாலும் முழுக் கட்டையும் ஓசையின்றித் தள்ளிவிடும். ஏன் தள்ளினேன் என்று விளக்கம் தராது.

எழுத்து வராதபோது நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? சத்தத்தை உயர்த்தினேன். மடிக்கணினியின் ஒலியளவைக் கூட்டினேன். பயனில்லை, இன்னும் கூட்டினேன். கருவியின் திறனையும் உயர்த்தினேன். ஒலியளவு எல்லை மீறும்போது டிரான்ஸ்மிட்டர் அதன் உச்சிகளை வெட்டிவிடும், ஒலி சிதையும், கேட்கக்கூடியதாக இருந்ததும் கேட்க முடியாததாகிவிடும். டயர்வுல்ஃப், தான் படித்தறிந்த ஒவ்வொரு பாக்கெட்டோடும் அதன் ஒலி மட்டத்தை எண்ணாகக் காட்டும். அந்த எண் ஏறத்தாழ 50 அளவில் இருப்பதே நல்லது என்பது அதைப் பயன்படுத்துவோருக்கான அறிவுரை. மிதமே போதும் என்று மென்பொருளே சொல்லியிருக்க, நான் இரைந்துகொண்டிருந்தேன்.

அதன் பின் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தோம். மெல்லிய ஒலியை அடைத்துவிடும் ஸ்குவெல்ச்சைத் திறந்து வைத்தோம். கருவி முழுமையாக அனுப்பத் தொடங்குமுன் செய்தியின் தலை வெட்டுப்படாதிருக்க, தொடக்கத் தாமதத்தை 300 மில்லி விநாடியிலிருந்து 500 ஆக்கினோம். கம்பி முனைகளைத் திருகிப் பார்த்தோம். ஆன்டெனாவை ஓர் அடி உயர்த்தினேன். அதற்காகக் கூரை மேல் ஏறியபோது என் மனைவி சொன்னவற்றை இங்கே எழுதப் போவதில்லை. ஒவ்வொரு மாலையும் ஒருவரையொருவர் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டோம்.

“எந்த மோட்?”

“1200.”

“எனக்கும் 1200தான்.”

மூன்று வாரங்கள் இப்படியே கழிந்தன. மனதுக்குள் நான், குறை அவருடைய பக்கத்தில்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அதில் எனக்கு ஓர் இரகசிய ஆறுதலும் இருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஆசிரியர் வேறு விதமாக யோசித்தார். குறை யாருடையது என்று கேட்காமல், குறை எங்கே இல்லை என்று ஒவ்வோர் இடமாகத் தள்ளிக்கொண்டு வந்தார். டயர்வுல்ஃபுடன் இரண்டு சிறு துணைக்கருவிகள் வருகின்றன. ஒன்று மாதிரிப் பாக்கெட்டுகளை ஒலிக்கோப்பாக உருவாக்கும். மற்றொன்று ஒலிக்கோப்பைப் படித்துப் பார்க்கும். வானொலியைத் தொடாமலே அவற்றை ஓட்டி, தம் மென்பொருள் சரியாக இருக்கிறது என்று கண்டார். பிறகு தம் வானொலியைச் சோதிக்க வானத்தைப் பார்த்தார். சர்வதேச விண்வெளி நிலையத்தில் உள்ள ஹாம் கருவி, இயக்கத்தில் இருக்கும் நாட்களில், 145.825 மெகாஹெர்ட்சில் பாக்கெட்டுகளைத் திருப்பி அனுப்பும். நிலையம் நம் தலைக்கு மேல் கடக்கும் நேரம் ஏறத்தாழ பத்து நிமிடமே. அந்தச் சில நிமிடங்களில் அவருடைய திரையில் வரிகள் ஓடின. ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வந்த எழுத்து அவருக்குக் கிடைத்தது. 12 கிலோமீட்டர் தொலைவிலிருந்த அவருடைய போதகரின் எழுத்து கிடைக்கவில்லை.

அன்று இரவு அவர் என்னிடம், “பாஸ்டர், ஒரு பாக்கெட் அனுப்புங்கள். நான் படிக்க முயலவில்லை. கேட்க மட்டும் போகிறேன்” என்றார். நான் அனுப்பியதைப் பதிவு செய்து, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் அதன் அதிர்வெண்களை விரித்துப் பார்த்தார். விண்வெளி நிலையத்திலிருந்து வந்த ஒலியையும் அவ்வாறே விரித்து வைத்து ஒப்பிட்டார். அந்த ஒலியில் 1200 ஹெர்ட்சிலும் 2200 ஹெர்ட்சிலும் இரண்டு மேடுகள் தெரிந்தன. என் ஒலியில் நடுவே ஒரே அகன்ற மேடு மட்டும் இருந்தது.

காரணம் இதுதான். 1200 என்பது ஒரு விநாடியில் எத்தனை பிட்டுகள் செல்கின்றன என்னும் வேகத்தின் எண். அந்த வேகத்தில் செய்தியைச் சுமக்கும் முறைகள் ஒன்றுக்கு மேற்பட்டவை. ஆசிரியர் பயன்படுத்தியது பழைய தொலைபேசி மோடம்களிலிருந்து வந்த முறை. 1200, 2200 ஹெர்ட்ஸ் என்னும் இரண்டு சுருதிகளுக்கிடையே மாறி மாறி ஒலிப்பதன் வழியாக அது பேசும். நம் போன்றோர் தரையில் பயன்படுத்தும் வழக்கமான முறை அதுவே. நான் தேர்ந்தெடுத்திருந்ததோ ஒரே சுருதியை வைத்துக்கொண்டு, அதன் அலையைத் தலைகீழாகப் புரட்டிப் புரட்டிப் பேசும் பிஎஸ்கே முறை. சவுண்ட்மோடத்தின் பட்டியலில் இரண்டு முறைகளுக்கும் 1200 என்ற எண்ணே இருக்கிறது. எண்ணைத் தேடிய என் கண், அதற்கு முன்னிருந்த சொல்லை வாசிக்கவில்லை. என்னுடைய முறையும் பிழையானதன்று. 1986இல் ஏவப்பட்ட ஜப்பானிய ஹாம் செயற்கைக்கோளான ஃபியூஜி ஆஸ்கார் 12 அந்த முறையில்தான் பூமிக்குப் பேசியது. ஆனால் ஒரு முறையில் அனுப்பியதை மற்றொரு முறையில் கேட்பவருக்கு அது வெறும் இரைச்சல். எவ்வளவு உரக்க அனுப்பினாலும் உரத்த இரைச்சல்.

பட்டியலில் ஒரு வரியை மாற்றினேன். அடுத்த நிமிடமே என் எழுத்து அவருடைய திரையில் விழுந்தது. ஒலியளவை நான் முதலில் வைத்திருந்த இடத்துக்கே இறக்கிக்கொண்டேன். வானொலியில் ஆசிரியர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “நீங்களும் 1200 என்றுதான் சொன்னீர்கள், நானும் 1200 என்றுதான் சொன்னேன். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, பாஸ்டர்.”

நான் பதில் சொல்லாமல் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கணக்கு என்ற சொல் என் நினைவுக்கு வந்தது.

அன்பானவர்களே, யோசுவாவின் புத்தகம் 22ஆம் அதிகாரத்தை நினைவுகூருங்கள். ரூபனியரும் காதியரும் மனாசேயின் பாதிக் கோத்திரத்தாரும் யோர்தான் அருகே பார்வைக்குப் பெரிதான ஒரு பலிபீடத்தைக் கட்டினார்கள். மற்ற கோத்திரத்தார் அதைத் தேவனுக்கு விரோதமான கலகம் என்று கொண்டு, யுத்தத்துக்குப் புறப்படச் சீலோவில் கூடினார்கள். ஆயினும் பட்டயத்தை எடுக்குமுன் ஆசாரியனாகிய பினெகாசையும் பத்துப் பிரபுக்களையும் அனுப்பினார்கள். போனவர்கள் குற்றச்சாட்டோடுதான் போனார்கள். ஆனால் பதிலையும் கேட்டார்கள். அந்தப் பீடம் பலியிடுவதற்கன்று. ஆற்றுக்கு அப்பால் இருக்கிற நம் பிள்ளைகளும் ஒரே கர்த்தருக்குரியவர்கள் என்பதற்குச் சாட்சியாக இருப்பதற்கே என்று தெரியவந்தது. ஒரே பீடம். கட்டினவர்களுக்கு அது உறவின் அடையாளம். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்குப் பிரிவினையின் அடையாளம். ஒரு கேள்வியும் அதற்குக் கொடுத்த செவியும் ஒரு யுத்தத்தை நிறுத்தின. இந்த அதிகாரத்தைப் பலமுறை பிரசங்கித்திருக்கிற நான், என் சபை மூப்பரிடம் யாரையும் அனுப்பவுமில்லை, நானே போகவுமில்லை.

மறுநாள் பேருந்து ஏறி அவருடைய வீட்டுக்குச் சென்றேன். தேநீர் வந்தது. “சார், அன்றைக்குக் கமிட்டியில் கணக்கை ஒட்டிவிடலாம் என்று சொன்னீர்களே, எதை மனதில் வைத்துச் சொன்னீர்கள்?” என்று கேட்டேன். ஏறத்தாழ ஓராண்டுக்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அவர் தம் தகப்பனாரைப் பற்றிச் சொன்னார். தகப்பனார் பல ஆண்டுகள் வேறொரு சபையில் பொருளாளராக இருந்தவர். திடீரென்று இறந்துபோனார். அவர் காலத்துக் கணக்கில் குறைவு இருப்பதாக யாரோ பேசத் தொடங்கினார்கள். காட்டுவதற்கு வீட்டில் ஒரு தாளும் இல்லை. எல்லாக் கணக்கும் அவருடைய தலையில் இருந்தது, அவரோடு போய்விட்டது. அதன் பிறகு தம் தாயார் ஆலயத்தின் கடைசி வரிசைக்கு அப்பால் சென்று அமர்ந்ததே இல்லை என்றார். “நாளைக்கு உங்களைப் பற்றி எவனாவது அப்படிப் பேசினால், உங்கள் பிள்ளைகள் கையில் ஒரு தாள் இருக்கட்டும் என்று நினைத்தேன், பாஸ்டர்.”

அவர் கணக்கு என்று சொன்னது என்னைக் காப்பதற்கு. நான் கேட்டதோ, என்னைத் திருடன் என்று அவர் சொன்னதாக. ஒரே சொல், அவர் அதை அனுப்பிய முறை வேறு, நான் அதைப் பெற்ற முறை வேறு. நான் செய்ததெல்லாம் சத்தத்தை உயர்த்தியது. அதையும் பீடத்திலிருந்து செய்தேன். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, “தேநீர் ஆறிவிட்டது, வேறு கொண்டுவரச் சொல்கிறேன்” என்றார். அது அவர் அனுப்பிய பதில் என்று இம்முறை எனக்குப் புரிந்தது.

சரிபார்ப்பு எண்ணைப் பற்றி முன்னே சொன்னேன் அல்லவா? பாக்கெட்டில் அந்த எண்ணைச் சேர்ப்பவர் அனுப்புகிறவரே. பெறுகிறவருக்கு அவர்மேல் சந்தேகம் என்பதால் அன்று. வழியில் செய்தி கெட்டுப்போகலாம் என்பதால். நீங்கள் காணிக்கையாகக் கொடுத்ததும் அப்படியே என் கைகளைக் கடந்து சென்றது. அதன் இறுதியில் கணக்கைச் சேர்த்து அனுப்ப வேண்டியவன் நான். ஒருவர் கேட்கும்வரை காத்திருந்ததே தவறு. கேட்டவர்மேல் கோபித்தது அதைவிடப் பெரிய தவறு. ஊகித்துப் பேசுகிறவர்களுக்கு எதிராகப் பிரசங்கித்த அந்த ஞாயிறு, ஆலயத்தில் ஊகித்துப் பேசியவன் நான் ஒருவனே. சபையார் முன்பாகச் செய்த பிழையைச் சபையார் முன்பாகவே அறிக்கையிடுவது முறை. என்னை மன்னியுங்கள்.

வெள்ள நிவாரணக் கணக்கு இப்போது ஆலய அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. ஒட்டுவதற்கு முன் ஆசிரியரிடம் காட்டினேன். வண்டிக் கூலியில் 240 ரூபாயை நான் இரண்டு முறை எழுதியிருந்ததை அவர் கண்டுபிடித்தார். சரியாகத்தான் இருக்கிறது என்று இரண்டு முறை உரக்கச் சொன்ன கணக்கு அது. திருத்திய தாளின் கீழே அவருடைய கையெழுத்தும் இருக்கிறது. தயவுசெய்து நின்று வாசியுங்கள்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் சொல் போய்ச் சேராத ஒருவர் இருக்கலாம். கணவராகவோ, மருமகளாகவோ, உடன்பிறந்தவராகவோ, பதினாறு வயது மகனாகவோ. நீங்கள் இருவரும் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு மாதங்களாக நிற்கலாம்: மரியாதை, பாசம், உரிமை, பொறுப்பு. இந்த வாரம் அவரிடம் அந்தச் சொல்லை இன்னொரு முறை உரக்கச் சொல்லாதீர்கள். “நீ அதைச் சொன்னபோது எதை மனதில் வைத்துச் சொன்னாய்?” என்று கேளுங்கள். கேட்டபின், மறுப்பு ஆயத்தமாக இருந்தாலும், சற்றுப் பொறுத்திருங்கள். எல்லாப் பிணக்கும் இதனால் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். உண்மையாகவே அநீதி நடந்திருக்கும் இடங்களும் உண்டு. அங்கே கேட்பது மட்டும் போதாது. ஆனால் அது அநீதியா, இரைச்சலா என்று அறிவதற்கும் முதலில் கேட்டாக வேண்டும்.

எங்கள் எழுத்துப் பாலம் இப்போது வேலை செய்கிறது. ஒவ்வொரு மாலையும் 7 மணிக்கு ஒரு சோதனைச் செய்தி அனுப்பிக்கொள்கிறோம். மழை உண்டா, கருவியின் மின்கலம் நிரம்பியிருக்கிறதா என்பதற்கு மேல் அதில் பெரிதாக ஒன்றும் இராது. நேற்று அவருடைய செய்தியின் கடைசியில் மட்டும் ஒரு வரி கூடுதலாக இருந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து அடுத்த பேருந்துக்குத்தான் போகிறாராம். பேச நேரம் இருக்குமா என்று கேட்டிருந்தார்.

ஜெபிப்போம்: ஆண்டவரே, நாங்கள் தடுமாறிச் சொல்வதையும் சொல்லத் தெரியாமல் விடுவதையும் நீர் பிழையின்றி அறிகிறீர். எங்களுக்கும் கேட்கிற செவியைத் தாரும். உரக்கப் பேசின நாட்களுக்காக எங்களை மன்னியும். ஆமென்.

ஜெபத்துடன்,
உங்கள் போதகர்